500 யூனிட்டைத் தாண்டுமா? வீட்டு மின்சாரத்தைச் சேமிக்க உதவும் இணையக் கருவி செய்ய ஒரு வழிகாட்டி

தமிழ்நாட்டு வீடுகளின் கரண்ட் பில்லைக் குறைக்க ஒரு சின்ன இணையக் கருவி செய்து தரலாம் என்று இறங்குபவர்களுக்காக இதை எழுதுகிறேன். அப்படி ஒன்றைச் செய்து முடிப்பதற்குள் நான் பட்ட பாட்டில் நிரல் எழுதியது சிறு பகுதிதான். எந்தக் கட்டண விகிதத்தை நம்புவது, மீட்டரில் எந்த எண்ணைப் படிக்கச் சொல்வது, எந்தக் கேள்வி கேட்டால் ஆட்கள் மூடிவிட்டுப் போய்விடுவார்கள் என்பதில்தான் காலம் போனது. உங்களுக்கு அது மிச்சமாகட்டும்.

நிரல் மொழி எதுவானாலும் சரி. சாதாரண ஜாவாஸ்கிரிப்ட் தெரிந்தால் இதற்குப் போதும்.

1. எப்போது பயன்படப்போகும் கருவி என்று முதலில் முடிவு செய்யுங்கள்

நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறைதான் ரீடிங். பில் தொகை தெரியும்போது அந்த அறுபது நாளும் போய்விட்டது. அதில் இனி எதையும் சேமிக்க முடியாது. இணையத்தில் கிடைக்கும் கட்டணக் கணிப்பான்களில் பெரும்பாலானவை யூனிட்டைப் போட்டால் தொகையைச் சொல்வதோடு நின்றுவிடுகின்றன. அதைத்தான் பில்லே சொல்லிவிடுகிறதே.

உங்கள் கருவி அறுபது நாளின் நடுவில் திறக்கப்பட வேண்டும். "இப்படியே போனால் எத்தனை யூனிட்டில் முடியும், இன்னும் எத்தனை நாள் இருக்கிறது, எதைக் குறைத்தால் போதும்" என்ற மூன்றுக்கும் அது பதில் சொல்ல வேண்டும். இது என் சொந்த அபிப்பிராயம் மட்டுமில்லை. ஆக்ஸ்ஃபோர்டைச் சேர்ந்த சாரா டார்பி 2006-இல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார். பயன்பாட்டை உடனுக்குடன் காட்டிய இடங்களில் 5 முதல் 15 விழுக்காடு வரை சேமிப்பு இருந்தது. பில் வழியாகப் பின்னால் தெரிவித்த இடங்களில் 0 முதல் 10 வரைதான்.

ஸ்மார்ட் மீட்டர் இல்லாத வீட்டில் உடனுக்குடன் காட்ட வழியில்லை. ஆனால் வீட்டுக்காரரே வாரம் ஒருமுறை மீட்டரைப் பார்த்து எண்ணைத் தட்டினால் கிட்டத்தட்ட அங்கே வந்துவிடலாம்.

2. தேவையான ஆவணங்கள்

தொடங்குமுன் இவற்றைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள்:

- தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையத்தின் நடப்புக் கட்டண ஆணை. அதன் தளத்திலேயே பிடிஎஃப் கிடைக்கும். வீட்டு இணைப்புக்கு உரிய பகுதி தாழ்வழுத்தம் 1-ஏ (LT I-A).
- தெரிந்தவர்களின் பழைய பில்கள் அல்லது ரீடிங் அட்டையின் படங்கள். குறைந்த பயன்பாடு, நடுத்தரம், 500-க்கு மேல், 1000-க்கு மேல் என்று நான்கு வகையும் வேண்டும். பெயரையும் இணைப்பு எண்ணையும் மறைத்து அனுப்பச் சொல்லுங்கள்.
- ஏசி, ஃப்ரிட்ஜ், ஃபேன் ஆகியவற்றின் நட்சத்திர லேபிள் படங்கள்.
- சோதித்துப் பார்க்க வருபவர்களிடம் வாங்க வேண்டிய ஒப்புதல் குறிப்பு, தமிழில், அரைப் பக்கத்துக்குள்.

செய்தித்தாள்களில் வரும் கட்டண அட்டவணையை வைத்து வேலையைத் தொடங்காதீர்கள். ஆணையம் நிர்ணயிக்கும் விகிதம் ஒன்று. அரசு மானியம் போக வீட்டுக்காரர் கட்டுவது வேறு. 2023-லும் 2025-லும் ஜூலையில் கட்டணம் உயர்ந்தபோது வீடுகளுக்கான உயர்வை அரசே ஏற்றது. 2024 ஜூலை உயர்வு வீடுகளுக்கும் வந்தது. இரண்டு விகிதங்களும் செய்திகளில் கலந்து கிடக்கும். கடைசியில் எது சரி என்பதை உண்மையான பில்தான் சொல்லும். மேலே நான்கு வகை பில் கேட்டது அதற்காகத்தான்.

3. கட்டணக் கணக்கைத் தனியாக எழுதிச் சோதியுங்கள்

இந்தப் படியை அவசரப்பட்டுத் தாண்டாதீர்கள். மொத்தக் கருவியும் இதன்மேல்தான் நிற்கிறது.

2022 செப்டம்பர் 10 முதல் நடைமுறைக்கு வந்த விகிதத்தை எடுத்துக்கொள்வோம். பிறகு தொகைகள் மாறிவிட்டன, ஆகவே இதை அப்படியே உங்கள் கருவியில் போடாதீர்கள். கணக்கு எப்படி நடக்கிறது என்று புரிந்துகொள்ள மட்டும்.

இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டுக்குள் இருந்தால் முதல் 100 இலவசம், 101–200 யூனிட்டுக்கு ரூ.2.25, 201–400 வரை ரூ.4.50, 401–500 வரை ரூ.6. 500-ஐத் தாண்டினால் அட்டவணையே மாறிவிடும்: முதல் 100 இலவசம், 101–400 வரை ரூ.4.50, 401–500 ரூ.6, 501–600 ரூ.8, 601–800 ரூ.9, 801–1000 ரூ.10, அதற்கு மேல் ரூ.11.

500 யூனிட் என்றால் ரூ.1,725. 501 என்றால் ரூ.1,958. ஒரே ஒரு யூனிட்டுக்கு 233 ரூபாய். 101 முதல் 200 வரைக்கான சலுகை விலை போய்விடுவதால் வரும் குதிப்பு இது. உங்கள் நிரல் இந்த இடத்தைச் சரியாகப் பிடிக்கிறதா என்று பாருங்கள். சோதனைக்கு இந்த எண்களை வைத்துக்கொள்ளலாம்: 100-க்கு 0, 200-க்கு 225, 400-க்கு 1,125, 600-க்கு 2,750, 800-க்கு 4,550, 1000-க்கு 6,550.

இங்கே நிறையப் பேர் விழும் பள்ளம் ஒன்று உண்டு. மிச்சமாகும் யூனிட்டைச் சராசரி விலையால் பெருக்கிச் சேமிப்பைக் காட்டுவார்கள். ஒரு வீடு 520 யூனிட் பயன்படுத்துகிறது, பில் ரூ.2,110 என்று வையுங்கள். சராசரி யூனிட்டுக்கு ரூ.4.06. நாற்பது யூனிட் குறைத்தால் ரூ.162 மிச்சம் என்று கருவி சொல்லும். உண்மையில் 480 யூனிட்டுக்கு பில் ரூ.1,605, மிச்சம் ரூ.505! அதே நாற்பது யூனிட்டை 180 யூனிட் வீடு குறைத்தால் கிடைப்பது வெறும் 90 ரூபாய். ஆகவே சேமிப்பை எப்போதும் முழு பில்லை இரண்டு முறை கணக்கிட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்துத்தான் காட்ட வேண்டும். குறுக்கு வழி கிடையாது.

விகிதங்களை நிரலுக்குள் எழுதாமல் தனிக் கோப்பில் வையுங்கள். ஒவ்வொரு விகிதத்துக்கும் தொடக்கத் தேதி, ஆணையின் விகிதம், வீட்டுக்காரர் கட்டும் விகிதம் என்று தனித்தனி இடம் இருக்கட்டும்.

கடை சேர்ந்த வீடு, அடுக்குமாடியின் பொது மீட்டர், மாடியில் சோலார் போட்ட வீடு ஆகியவற்றின் கணக்கே வேறு. முதல் பதிப்பில் அவற்றைத் தொடாதீர்கள். "இந்தக் கருவி சாதாரண வீட்டு இணைப்புக்கு மட்டும்" என்று முதல் திரையிலேயே சொல்லிவிடுவது நல்லது.

4. மூன்றே மூன்று கேள்விகள்

கடைசி ரீடிங் என்ன, அது எடுத்த தேதி என்ன, இன்று மீட்டர் காட்டுவது என்ன. இவ்வளவு போதும். வீட்டில் எத்தனை பேர், எத்தனை அறை, எத்தனை பல்பு என்று நீளமான படிவம் வைத்தால் பாதியில் எழுந்து போய்விடுவார்கள். அதையெல்லாம் முதல் விடை காட்டிய பிறகு, விருப்பமிருந்தால் கேட்கலாம்.

மீட்டரைப் படிப்பதில்தான் குழப்பம் அதிகம். டிஜிட்டல் மீட்டரில் வோல்டேஜ், உச்சபட்சப் பயன்பாடு, யூனிட் என்று எண்கள் மாறி மாறி வரும். கேடபிள்யூஎச் (kWh, அதாவது யூனிட்) என்று ஓரத்தில் காட்டும் எண்தான் நமக்கு வேண்டியது. அதே மாதிரி இருக்கும் கேவிஏஎச் (kVAh) வேண்டாம். ஒரு மீட்டர் படத்தைப் போட்டு அந்த இடத்தை வட்டமிட்டுக் காட்டுங்கள். பத்து வரி விளக்கத்தைவிட அது மேல்.

தசமப் புள்ளியும் ஒரு தொல்லை. 8672.4 என்பதைப் புள்ளி இல்லாமல் 86724 என்று தட்டிவிடுவார்கள். நாளுக்கு 60, 70 யூனிட்டுக்கு மேல் என்று கணக்கு வந்தால் "புள்ளியைச் சரிபாருங்கள்" என்று கருவி கேட்க வேண்டும். இன்றைய ரீடிங் பழையதைவிடக் குறைவாக இருந்தால், மீட்டர் மாற்றினார்களா என்று கேளுங்கள். சிவப்பு எழுத்தில் "பிழை" என்று மட்டும் காட்டினால் பெரியவர்கள் பயந்து அப்படியே விட்டுவிடுவார்கள்.

கணக்கு எப்படி வரும் என்பதற்கு ஓர் உதாரணம். கடைசி ரீடிங் 8,410. முப்பதாம் நாள் மீட்டரில் 8,672. ஆனது 262 யூனிட், நாளுக்கு 8.7. இப்படியே போனால் அறுபதாம் நாள் 524 யூனிட்; மேலே சொன்ன விகிதத்தில் ரூ.2,142. 500-க்குள் நிற்க வேண்டுமானால் மிச்சமுள்ள முப்பது நாளில் 238 யூனிட், அதாவது நாளுக்கு 7.9. நாளுக்கு 0.8 யூனிட் குறைத்தால் ரூ.417 மிச்சம். கருவி திரையில் பெரிய எழுத்தில் காட்ட வேண்டியது இந்தக் கடைசி வாக்கியத்தைத்தான்.

இரண்டு எச்சரிக்கைகள். முதல் பத்து நாளுக்குள் இப்படிக் கணித்துச் சொல்லாதீர்கள். ஒரு நாள் விருந்தாளி வந்தாலே எண் தாறுமாறாகக் குதிக்கும். அப்புறம், ரீடிங் எடுப்பவர் சரியாக அறுபதாம் நாளில்தான் வருவார் என்று எழுதிவைக்காதீர்கள். அடுத்த ரீடிங் தேதியைப் பயனாளரே மாற்றிக்கொள்ளட்டும்.

5. எதைக் குறைப்பது என்று சொல்லும் பகுதி

"வாட்டை மணி நேரத்தால் பெருக்கு" என்ற கணக்கு ஃபேனுக்கும் பல்புக்கும் பொருந்தும். 75 வாட் பழைய ஃபேன் நாளுக்கு 15 மணி நேரம் ஓடினால் அறுபது நாளில் 67.5 யூனிட். மின்சாரம் குறைவாக எடுக்கும் 30 வாட் பிஎல்டிசி (BLDC) ஃபேன் என்றால் 27. வித்தியாசம் சுமார் 40 யூனிட். மேலே 40 யூனிட்டுக்கு ரூ.505 என்றும் ரூ.90 என்றும் வந்ததை இதோடு சேர்த்துப் பாருங்கள். ஒரே ஃபேனை மாற்றுவது ஒரு வீட்டுக்குச் சீக்கிரமே காசைத் திருப்பித் தரும். இன்னொரு வீட்டுக்குப் பல ஆண்டுகள் ஆகும். "பிஎல்டிசி வாங்குங்கள்" என்று எல்லாரிடமும் ஒரே அறிவுரை சொல்லும் கருவியை நான் நம்பமாட்டேன்.

ஏசிக்கு அந்தப் பெருக்கல் உதவாது. கம்ப்ரசர் நின்று நின்று ஓடும். இன்வெர்ட்டர் வகை தன் வேகத்தையே மாற்றிக்கொள்ளும். அதற்கு நட்சத்திர லேபிளைப் பயன்படுத்துங்கள். லேபிளில் இருக்கும் ஆண்டு யூனிட் 1,600 மணி நேர ஓட்டத்துக்கான கணக்கு. 960 என்று இருந்தால் ஒரு மணிக்குச் சராசரி 0.6 யூனிட். சற்றுமுன் பார்த்த வீடு நாளுக்கு 0.8 யூனிட் குறைக்க, ஏசியை ஒன்றேகால் மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாக நிறுத்தினால் போதும். நட்சத்திர லேபிளை நடத்தும் மத்திய அரசு அமைப்பான எரிசக்தித் திறன் பணியகம் (BEE), ஏசியில் ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 விழுக்காடு மிச்சம் என்கிறது. வெப்பநிலையை இழுத்து மாற்றிப் பார்க்க ஒரு ஸ்லைடர் வைத்து அதையும் சேர்க்கலாம். ஆனால் 16-இலிருந்து 28 வரை இழுத்துவிட்டு 72 விழுக்காடு என்று காட்டுமளவுக்குப் போகவேண்டாம். 24-ஐ ஒட்டி மூன்று நான்கு டிகிரிக்குள் நிறுத்துங்கள்.

ஃப்ரிட்ஜுக்கு லேபிளின் ஆண்டு யூனிட்டை ஆறால் வகுத்தால் ஒரு பில்லுக்கான யூனிட் கிடைக்கும். கீசருக்கு நேரத்தைக் கேட்காமல் தண்ணீரின் அளவைக் கேளுங்கள்: 15 லிட்டரை 30 டிகிரி சூடேற்ற அரை யூனிட்டுக்குச் சற்று மேல் ஆகும்.

மக்கள் விரும்பி விளையாடும் அம்சம் ஒன்றும் இருக்கிறது. மீட்டரில் சிவப்பு எல்இடி ஒன்று கண் சிமிட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். அதன் பக்கத்திலேயே ஒரு யூனிட்டுக்கு எத்தனை சிமிட்டல் என்று அச்சிட்டிருக்கும், 3200 என்பது போல. எல்லாவற்றையும் அணைத்துவிட்டு ஒரே ஒரு பொருளை மட்டும் போட்டு, ஒவ்வொரு சிமிட்டலுக்கும் திரையில் உள்ள பொத்தானைத் தட்டச் சொல்லுங்கள். 3200 சிமிட்டல் மீட்டரில் 1,125-ஐ இரண்டு சிமிட்டலுக்கு இடைப்பட்ட நொடிகளால் வகுத்தால் வாட் வந்துவிடும். 75 வாட் ஃபேனுக்குப் பதினைந்து நொடிக்கு ஒருமுறை சிமிட்டும். குழந்தைகளை இதில் இழுத்துவிட்டால் அப்புறம் வீட்டில் யாரும் வெற்று அறையில் ஃபேனை ஓடவிட முடியாது. ஒரே எச்சரிக்கை: மீட்டர் பெட்டியைத் திறக்கவோ ஒயரைத் தொடவோ கூடாது, கண்ணாடி வழியாகப் பார்த்தால் போதும் என்பதைப் பொத்தானுக்கு மேலேயே எழுதுங்கள்.

6. பக்கத்து வீட்டோடு ஒப்பிடுவதில் கவனம்

"உங்கள் தெருவின் சராசரியைவிட இவ்வளவு அதிகம்" என்று காட்டினால் ஆட்கள் குறைப்பார்கள் என்பது பலருக்குத் தெரிந்த உத்தி. அமெரிக்காவில் ஓபவர் நிறுவனம் வீடுகளுக்கு அனுப்பிய ஒப்பீட்டு அறிக்கைகளை ஹன்ட் ஆல்காட் ஆராய்ந்து 2011-இல் வெளியிட்டார். சராசரியாக 2 விழுக்காடு சேமிப்பு. பெரிய மின் நிறுவனத்துக்கு அது நல்ல எண். உங்கள் சின்னக் கருவிக்கு அதுவே கிடைத்தால் யோகம்தான்.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. கலிஃபோர்னியாவின் சான் மார்கோஸில் வெஸ்லி ஷுல்ட்ஸ் குழுவினர் செய்து 2007-இல் வெளியிட்ட ஆய்வில், ஏற்கெனவே குறைவாகப் பயன்படுத்திய வீடுகள் சராசரி எண்ணைப் பார்த்ததும் பயன்பாட்டைக் கூட்டிவிட்டன. எண்ணோடு ஒரு சிரித்த முகத்தையும் சேர்த்துப் போட்டபோது அந்த ஏற்றம் வரவில்லை. ஆகவே 180 யூனிட் வீட்டுக்குச் சராசரியைக் காட்டாதீர்கள். "நன்றாக இருக்கிறது, நீங்கள் எதையும் மாற்றத் தேவையில்லை" என்று சொல்லி அனுப்புங்கள்.

என் கருத்தில், அதே வீட்டின் போன ஆண்டு இதே இரண்டு மாதத்தோடு ஒப்பிடுவதுதான் நியாயமானது. ஜனவரி பில்லை மே பில்லோடு ஒப்பிட்டுத் திட்டினால் யாரும் திரும்ப வரமாட்டார்கள்.

7. தமிழில் காட்டுவது

"யூனிட்", "கரண்ட் பில்", "ரீடிங்" என்றே எழுதுங்கள். "மின் நுகர்வு அலகு" என்று எழுதினால் அரசாணை படிப்பது போல இருக்கும். தமிழ்ச் சொற்கள் நீளமானவை என்பதால் பொத்தானுக்கு நிலையான அகலம் வைக்காதீர்கள். வரி இடைவெளியையும் சற்றுக் கூட்டுங்கள், இல்லாவிட்டால் மேல்வரியின் 'கு'வும் கீழ்வரியின் 'கி'யும் இடித்துக்கொள்ளும். விலை குறைந்த ஆண்ட்ராய்டு போனில், வெயிலில், மீட்டர் பெட்டி முன்னால் நின்றபடி பாருங்கள். பயனாளர் நிற்கப்போவது அங்கேதான்.

8. தகவல் பாதுகாப்பு

இணைப்பு எண், பெயர், கைபேசி எண் எதையும் கேட்காதீர்கள். கணக்குக்கு அவை தேவையே இல்லை. ரீடிங்குகளைப் பயனாளரின் உலாவியிலேயே சேமியுங்கள். உங்கள் கைக்குத் தகவல் வந்துவிட்டால் 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டப்படி ஒப்புதல், நோக்கம், அழித்தல் என்று எல்லாவற்றுக்கும் நீங்கள் பொறுப்பாவீர்கள். மின்வாரியத் தளத்தின் கடவுச்சொல்லை வாங்கி பில்லை இழுத்துத் தருகிறேன் என்று யாராவது யோசனை சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

"இன்றிரவு உங்கள் மின் இணைப்பு துண்டிக்கப்படும்" என்று மோசடிக் குறுஞ்செய்திகள் சுற்றும் காலம் இது. வாரியத்தின் சின்னத்தையோ நிறத்தையோ பயன்படுத்தினால் உங்களையும் அந்தக் கூட்டத்தில் சேர்த்துவிடுவார்கள். நினைவூட்டலைக் குறுஞ்செய்தியாக அனுப்பவும் வேண்டாம். அதற்குத் தொலைத்தொடர்பு விதிகளின்படி தனிப் பதிவும் கட்டணமும் உண்டு. பதிலாக "ஞாயிறுதோறும் மீட்டர் பார்க்க" என்று போன் காலண்டரில் சேர்க்கும் ஒரு கோப்பைத் தந்துவிடுங்கள். செலவே இல்லை.

9. செலவு

இப்படிச் சர்வர் இல்லாமல் செய்தால் தளத்தை வைக்கும் செலவு பூஜ்யம். கிட்ஹப் பேஜஸ், கிளவுட்ஃப்ளேர் பேஜஸ் இரண்டிலும் இலவசமாக வைக்கலாம். சொந்த முகவரிப் பெயர் வேண்டுமானால் ஆண்டுக்குச் சில நூறு ரூபாயிலிருந்து ஆயிரம் வரை. முதல் ஆண்டு விலையைப் பார்த்து மயங்காதீர்கள், புதுப்பிக்கும் விலையைப் பார்த்து வாங்குங்கள். பிளக்கில் செருகும் மின் அளவி ஒன்று இருந்தால் நல்லது. அதை நண்பரிடம் கடன் வாங்கினாலும் போதும். முழுக் கருவியையும் செய்து தருகிறோம் என்று நிறுவனங்கள் கேட்கும் தொகைக்கு லாகின், டாஷ்போர்டு, டேட்டாபேஸ் எல்லாம் சேர்ந்து வரும். மேலே சொன்ன காரணங்களால் அவை எதுவும் உங்களுக்கு வேண்டாம்.

10. கால அட்டவணை

கட்டணக் கணக்குக்கும் அதன் சோதனைக்கும் இரண்டு வார மாலைகள், திரைகளுக்கு இன்னும் இரண்டு வாரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் கருவி வேலை செய்கிறதா என்று தெரிய ஒரு முழு பில் சுற்று, அதாவது இரண்டு மாதம் காத்திருக்கத்தான் வேண்டும். இதைக் குறுக்க வழியில்லை. பிப்ரவரியில் சோதனைக்கு விட்டால் வெயில் ஏறும்போது, ஏப்ரல்–மே சுற்றுக்குள், கருவி தயாராக இருக்கும். 500-ஐத் தாண்டும் வீடுகள் அதிகமாவது அப்போதுதான்.

எத்தனை பேர் தளத்தைத் திறந்தார்கள் என்பதை எண்ணிப் பயனில்லை. இரண்டாவது ரீடிங்கைப் போட எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்று பாருங்கள்.

11. ஜூலைக்கு முன்னால்

2022 ஆணைப்படி கட்டணம் ஆண்டுதோறும் ஜூலை 1-ஐ ஒட்டி விலைவாசிக் குறியீட்டின்படி திருத்தப்படும். உங்கள் காலண்டரில் ஜூன் கடைசி வாரத்தைக் குறித்துவையுங்கள். புது விகிதம் வந்தால் பழையதை அழிக்காமல் தேதியோடு சேர்த்து வையுங்கள். போன ஆண்டோடு ஒப்பிட அது வேண்டும். திருத்தத்துக்குப் பிறகு வரும் முதல் உண்மையான பில்லோடு ஒத்துப்பார்க்கும்வரை "இன்னும் சரிபார்க்கவில்லை" என்ற வரி திரையில் இருக்கட்டும். விகிதம் கடைசியாகச் சரிபார்த்த தேதியையும் தொகைக்குக் கீழேயே காட்டுங்கள்.